வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியர்

விடைத்தாள் திருத்தும் முகாமில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து அதைத் திரும்ப வாங்கியபோது, எங்கள் பள்ளி எண்ணிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அத்தனை அழைப்பு நல்ல செய்திக்கு வராது. கூப்பிட்டேன். சமூக அறிவியல் ஆசிரியை கிருஷ்ணவேணி எடுத்தார். "சார், நம்ம புஷ்பராணி டீச்சர் போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்றவரால் மேலே பேச முடியவில்லை.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன். அவர்களில் இருவர் வேறு வேறு பள்ளிகளில் அவரிடம் வேலை பார்த்தவர்கள். ஒருவர் திறந்த டிபன் பாக்ஸை அப்படியே மூடினார். மற்றவர், "அவங்க எங்க ஸ்கூலுக்கு வந்த வருஷம்தான் நான் உருப்படியா டீச்சர் ஆனேன்" என்றார். முகாம் அலுவலர் நல்ல மனிதர், என்னை உடனே கிளம்பச் சொன்னார். கையில் இருக்கும் கட்டைத் திருத்தி ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். பாதியில் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றிருந்தால், பெட்டிக்குள் படுத்தபடியே "இன்னா சார், வேலை முடிஞ்சுதா" என்று கேட்டிருப்பார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படப்பைக்காரர். தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்து, பதவி உயர்வில் தலைமையாசிரியராகி, கடைசி சில வருடங்களை ஒரகடத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் கழித்து ஓய்வு பெற்றவர். ஊர்க்காரர்கள் அவரைப் 'பெரிய டீச்சர்' என்பார்கள். "அப்போ இவங்கல்லாம் சின்ன டீச்சரா?" என்று எங்களைக் காட்டிச் சண்டை பிடிப்பார். வெறும் 'டீச்சர்' போதும் என்பார். நாங்களும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

நான் கணக்கு ஆசிரியன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கலந்தாய்வில் வேறு இடம் இல்லாமல் இந்தப் பக்கம் வந்தவன். வந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஊருக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் போடுவது எனக்கு ஒரு சடங்கு. அவர் எங்கள் பள்ளிக்கு வந்தபோது பணிக்காலத்தில் நான் அவரைவிடக் கொஞ்சம் இளையவன், கோபத்தில் மூத்தவன். அதற்கு முன் பார்த்த தலைமையாசிரியர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் நம் வகுப்பைத் திரும்பியே பார்க்கமாட்டார்கள். இன்னொரு வகையினர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பிள்ளைகள் முன்னாலேயே நம்மைத் திருத்துவார்கள். இவர் எந்த வகை என்று பார்ப்போம் என்று முதல் ஆசிரியர் கூட்டத்தில் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னது இதுதான். "எனக்குக் கணக்கு வராது. இங்கிலீஷ் பாதி வரும். சயின்ஸ் லேபுக்குள்ள போனா தும்மல்தான் வரும். அதனால உங்க பாடத்தை எப்படி நடத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஏன் அப்படி நடத்துறீங்கன்னு கேப்பேன். கேட்டா கோச்சுக்கக் கூடாது." புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் கூட்டத்தில் நன்றாகத்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்த வாரமே ஒன்று நடந்தது. மேலிடத்திலிருந்து ஏதோ புள்ளிவிவரம் உடனே வேண்டும் என்று போன். வழக்கமாக இப்படி ஒரு போன் வந்தால் ஒரு பிள்ளை வகுப்பு வகுப்பாக ஓடிவரும், நாங்கள் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அலுவலக அறைக்கு ஓடுவோம். அன்று நான் பக்கத்து அறையில் இருந்ததால் அவர் பேசியது காதில் விழுந்தது. "டீச்சர் வகுப்புல இருக்காங்க சார். பெல் அடிச்சதும் கேட்டுச் சொல்றேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் குரலை உயர்த்தாமல் திரும்பவும் அதையே சொன்னார். பிறகு அவரே பழைய பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு தன்னால் நிரப்ப முடிந்ததை நிரப்பினார். எங்கள் பள்ளியில் பாடம் நடக்கும்போது ஆசிரியரை வெளியே கூப்பிடும் வழக்கம் அதோடு போனது. சின்ன விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். வகுத்தலின் நடுவில் வகுப்பை விட்டு ஓடி, திரும்பி வந்து, எங்கே விட்டோம் என்று கரும்பலகையைப் பார்த்து விழித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்து அவர் கொண்டுவந்தது 'விருந்து பீரியட்'. ஒரு ஆசிரியர் வாரத்தில் ஒரு பீரியட் இன்னொரு ஆசிரியரின் வகுப்புக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் விருந்தாளியின் வகுப்பைத் தலைமையாசிரியரே எடுப்பார். நிபந்தனைகள் இரண்டு. வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்க வேண்டும், வகுப்பு ஆசிரியர் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். பார்த்த பிறகு ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்ல வேண்டும். "விருந்துக்குப் போன வூட்டுல சமையல் சரியில்லன்னு சொல்லுவோமா? யாரு எதை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாங்கன்னு சொல்லலாம்" என்பது அவர் விளக்கம்.

முதல் விருந்து கிருஷ்ணவேணி வகுப்பில். விருந்தாளி நான். அவர் இதை இன்ஸ்பெக்‌ஷன் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார். முந்தின நாளே அதே பாடத்தை நடத்தி, யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்து, பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாடம் தொடங்கியது. அவர் கேள்வியை முடிக்குமுன் மூன்றாவது பெஞ்சிலிருந்து பதில் வந்தது. அது அடுத்த கேள்விக்கான பதில். அவர் கண்ணால் மிரட்ட, அந்தப் பிள்ளை குழம்பிப்போய், "நேத்து இதுதானே டீச்சர் எனக்குக் குடுத்தீங்க?" என்றது. வகுப்பே சிரித்தது. கிருஷ்ணவேணியும் ஒரு கட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துவிட்டார்.

மாலையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என்ன பார்த்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் நேற்று நடத்தியதை இன்று அப்படியே வைத்திருக்கிறார்கள் என்றேன். டீச்சர் கிருஷ்ணவேணியைப் பார்த்து, "பரவாயில்லையே, ஒரு நாளாவது நிக்குது. என் வகுப்புல மத்தியானமே மறந்துடுவாங்க" என்றார். அதற்குப் பிறகு கிருஷ்ணவேணி யாரையும் தயார் செய்யவில்லை. பட்டுப்புடவையை மட்டும் விடவில்லை. விருந்து என்றால் பட்டுதான் என்று சொல்லிவிட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னால் அவருக்கு வந்த சங்கடம் அது, அதனால்தான் இதை எழுதவும் உட்கார்ந்தேன். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக்கோவைகளை வகுக்கும் பாடத்தைத் தொடங்கினேன். பாதி வகுப்புக்குச் சாதாரண எண்களையே வகுக்கத் தெரியவில்லை. பெற்றோரில் பலர் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் குடியிருந்து, கம்பெனி மாறும்போது பள்ளியும் மாற்றும் குடும்பங்களும் உண்டு. எங்கே விட்டது, எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் ஒன்பதாவதுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். இந்த அஸ்திவாரத்தின் மேல் பல்லுறுப்புக்கோவையைக் கட்டினால் கைடைப் பார்த்து எழுதுவார்கள், அடுத்த வருடம் பொதுத்தேர்வில் தோற்றுவிடுவார்கள், அதற்கடுத்த மாதம் ஏதாவது கம்பெனி கேட்டுக்கு முன்னால் வேலைக்கு நிற்பார்கள். பாடத்தை மூடிவைத்தேன். வகுத்தலை முதலிலிருந்து தொடங்கினேன். டீச்சரிடம் ஒரு வரியில் சொன்னேன், சரி என்றார்.

கொஞ்ச நாளில் தேவகி என்ற தாய் வந்தார். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை. ஷிப்ட் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தார். மகள் பவித்ரா என் வகுப்பு. "இன்னா சார், ஒம்போதாவது படிக்கிற பொண்ணுக்கு மூணாங்கிளாஸ் கணக்கு குடுக்குறீங்களாமே. தெருவுல நாலு பசங்க சிரிக்கிறாங்க. அது வூட்டுல அழுதுகினு கீது. நான் மேலயே போன் போட்டுச் சொல்லிட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் டீச்சர், "நல்லதாப் போச்சும்மா. நாளைக்கு நீங்களே விருந்தாளியா வந்து பாருங்க. கணக்கு சாரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, அந்த இடத்திலேயே என்னிடம் திரும்பி, "வரலாமா சார்?" என்று கேட்டார். ஒரு பெற்றோருக்கு முன்னால் தலைமையாசிரியர் என் வகுப்புக்கு என்னிடம் அனுமதி கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. வரட்டும் என்றேன்.

மறுநாள் தேவகி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தேவகி கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "பவித்ரா கை தூக்குச்சு டீச்சர். அது இஸ்கூல்ல கை தூக்கி நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு, போன் செய்ததற்காகச் சங்கடப்பட்டு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். "எதுக்கும்மா? கேக்கறது உங்க உரிமை. வர்றவரும் வந்து பாக்கட்டும்" என்று டீச்சர் அனுப்பிவைத்தார்.

வர்றவர் அடுத்த வாரமே வந்துவிட்டார். மேலதிகாரி. அந்த நேரம் பவித்ரா கரும்பலகையில் இருந்தாள். முதல் முறையாகத் தானாகவே எழுந்து வந்திருந்தாள். வகுத்துக்கொண்டே வந்து, மீதியில் மாட்டிக்கொண்டு, சாக்பீஸைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் டீச்சர். பின்னால் அதிகாரி. டீச்சர் எப்போதும்போல, "விருந்தாளி வந்திருக்காங்க சார். வரலாமா?" என்றார்.

இப்போது ஒரு அதிகாரி உள்ளே நுழைந்தால் இந்தப் பெண் சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடும், பிறகு இந்த வருடம் முழுக்க எழுந்து வராது. இது என் மனதில் பளிச்சென்று இருந்தது. வாயில் வந்தது மட்டும் என் ஊர்ப் பேச்சு. "இப்ப வேண்டாம் டீச்சர். பெறவு வாங்க."

டீச்சர் கதவை மெதுவாகச் சாத்தினார். வெளியே அதிகாரி, "பெறவுன்னா என்னங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "பிறகுன்னு அர்த்தம் சார். சார் தெற்கத்திப் பக்கம். கொஞ்சம் இருங்க, கூப்பிடுவார்." அவ்வளவுதான். இரண்டு பேரும் வராந்தாவில் நின்றார்கள். வெயில் வராந்தாவில் பாதிவரை வந்திருந்தது. சத்துணவு அம்மா வெளியே வந்து, அதிகாரியும் பெரிய டீச்சரும் ஒரு வகுப்புக்கு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கோ தண்டனை போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே போய்விட்டாராம். பவித்ரா கணக்கை முடித்துப் பெஞ்சுக்குப் போன பிறகுதான் நான் கதவைத் திறந்தேன்.

அதிகாரியின் கோபத்தை நான் தப்புச் சொல்லமாட்டேன். வாசலில் நிற்க வைத்தால் யாருக்கும் வரும். போர்ஷன் எங்கே, ஏன் பின்தங்கியிருக்கிறது, யார் அனுமதித்தது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டீச்சர், "நான்தான் சார்" என்றார். நாளையிலிருந்து புத்தகப்படி நடத்த வேண்டும், தலைமையாசிரியர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு மெமோ என்றால் என்ன என்று அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் வகுப்பும் அவருடைய ஓய்வூதியமும் ஒரே கயிற்றில் தொங்கின.

மாலையில் அவர் அறைக்குப் போனேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. "உள்ள விடாதது உங்க இஷ்டம் சார். அந்த உரிமையை நான்தான் குடுத்தேன். ஆனா ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாசல்ல நின்னுக்கினு நான் அவர்கிட்ட இன்னா சொல்றது? பெறவுக்கு அர்த்தம் சொல்லிக்கினு நின்னேன்." பவித்ராவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு முகம் கொஞ்சம் இளகினார். அப்போது அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "உங்களை நம்பித்தான் நின்னேன் சார். ஆனா நம்பிக்கையை மேல எழுதி அனுப்ப முடியாது. காரணத்தைத்தான் அனுப்ப முடியும். காரணத்தைக் குடுங்க, எத்தனை நாள் வேணா நிக்கிறேன்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுத்தலைத் தனக்கு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் என்ன சொன்னாலும், "சரி, ஏன்?" என்றார். கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இந்த நம்பரைக் கீழ இறக்குறோமே, அது ஏன்? எங்க வாத்தியார் இறக்குன்னாரு, இறக்கினேன். இத்தனை வருஷமா இறக்கிக்கினுதான் இருக்கேன்." அலமாரியில் சாக்பீஸ் டப்பாக்கள் இருந்தன. ஏழு டப்பாவையும் ஐந்து உதிரி சாக்பீஸையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு டப்பாவில் பத்து என்று வைத்துக்கொள்வோம், இதை மூன்று பேருக்குப் பிரியுங்கள் என்றேன். ஆளுக்கு இரண்டு டப்பா கொடுத்தார். ஒரு டப்பா மிஞ்சியது. அதை உடைக்காமல் பிரிக்க முடியாது. உடைத்து உதிரியோடு கொட்டினார். பதினைந்து. ஆளுக்கு ஐந்து. "டப்பாவை உடைச்சு உதிரியோட கொட்றதுக்குப் பேருதான் இறக்குறதா? இதையா சார் எனக்கு இத்தனை வருஷம் யாரும் சொல்லல?" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். எனக்கோ, என் பாடத்தை ஒரு தலைமையாசிரியர் உட்கார்ந்து கடைசிவரை கேட்ட சந்தோஷம். கணக்கு ஆசிரியர்களுக்கு அது வாழ்நாளில் எத்தனை தடவை வாய்க்கும்?

இரண்டு நாள் கழித்து அதிகாரியின் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். ஷேர் ஆட்டோவில் அவர் கைப்பையைக் குலுக்கினால் சலசலவென்று சத்தம். உள்ளே சாக்பீஸ் டப்பாக்கள். அதிகாரியின் மேசையில் அவற்றை வைத்து, வகுத்தலை அவரே விளக்கினார். இந்த 'ஏன்' தெரியாதவனுக்குப் பல்லுறுப்புக்கோவை எப்படிப் புரியும் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க வேண்டியே வரவில்லை. அதிகாரியும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர்தான். அரையாண்டுத் தேர்வு வரை பாருங்கள், முன்னேற்றம் இல்லையென்றால் புத்தகப்படி நடத்தியாக வேண்டும், உங்கள் விளக்கத்தின் மேல் அப்போது முடிவெடுக்கிறேன் என்றார்.

அரையாண்டு வரை டீச்சர் என்னைக் கையில் வைத்துத் தாங்கினார் என்று நினைக்காதீர்கள். என் தலையில் இருந்த பதிவு வேலைகளைத் தான் வாங்கிக்கொண்டார், உண்மை. தன்னுடைய பீரியட் ஒன்றை எனக்கு விட்டுக்கொடுத்தார், அதுவும் உண்மை. ஆனால் வாரம் தவறாமல் விருந்தாளியாக வந்து பார்த்தார். ஒரு நாள் பார்த்துவிட்டு, "நல்லா வர்ற பிள்ளைங்க ஜன்னல் வழியா கன்டெய்னர் லாரி எண்ணிக்கினு இருக்காங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. மெதுவாக வருகிறவர்களைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போகிறவர்களை விட்டுவிட்டிருந்தேன். அவர்களுக்குப் பல்லுறுப்புக்கோவையைத் தனியாகத் தொடங்கினேன். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

அரையாண்டு முடிந்தது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. தேர்ச்சி கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி மதிப்பெண் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் வகுப்பு போனது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். டீச்சர் எழுந்தார். போன வருடத்து விடைத்தாள் கட்டையும் இந்த வருடத்துக் கட்டையும் பக்கத்தில் வைத்தார். "போன வருஷம் நிறைய வெறுந்தாள் சார். பேரை எழுதிட்டுக் குடுத்துட்டாங்க. இந்த வருஷம் ஒரு வெறுந்தாள் கூட இல்ல. தப்பா போட்டிருக்காங்க, ஆனா போட்டிருக்காங்க. தப்பைத் திருத்தலாம். வெறுந்தாளை எப்படி சார் திருத்துறது?" என்றார். அதிகாரி கட்டுகளைப் புரட்டினார். தானே ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "சரி, அவர் போக்கிலேயே நடத்தட்டும்" என்றார். மெமோ பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை. வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னா சார் இது, டீ வாங்கிக் குடுங்க" என்றார்.

அந்தப் பிள்ளைகள் பத்தாவது எழுதினார்கள். பவித்ரா பெரிய மதிப்பெண் எடுக்கவில்லை, நல்லபடியாகத் தேறினாள். இப்போது பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படிக்கிறாள். படப்பையில் அடக்கத்துக்கு வந்தவர்களில் தேவகியும் இருந்தார். யூனிபார்மோடு வந்திருந்தார். "ஓவர்டைமுக்கு நிக்கச் சொன்னாங்க சார். எங்க பெரிய டீச்சரைப் பாக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். ஜெபம் முடியும்வரை கைகூப்பி நின்றார்.

டீச்சர் ஓய்வு பெற்ற பின், படப்பையில் புது மனைப்பிரிவில் இருந்த அவர் வீட்டுக்கு அவ்வப்போது போவேன். கடைசியாகப் போனது சில வாரங்களுக்கு முன். எனக்கு வேறொரு கவலை. புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியர் என்னை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்து, பத்தாம் வகுப்புகளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அடித்தளம் போடும் வகுப்பை விட்டுவிட்டு, மேல்பூச்சு மட்டும் பூசச் சொல்வதாக எனக்குப் பட்டது. டீச்சரிடம் பொரிந்து தள்ளினேன். அவருக்குக் கணக்கும் தெரியாது, பிள்ளைகளும் தெரியாது, நீங்கள் இருந்திருந்தால் இப்படி நடக்குமா, இந்தக் கோடையில் எப்படியாவது ஊருக்கு மாறுதல் வாங்கிப் போய்விடுகிறேன் என்றேன். அவர் எனக்குப் பரிந்து பேசுவார் என்று நம்பித்தான் போயிருந்தேன்.

அவர் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். "அவர்கிட்ட ஏன்னு சொன்னீங்களா?" என்றார். எப்படிச் சொல்வது, முடிவெடுத்துவிட்டுத்தானே கூப்பிட்டார் என்றேன். "அப்போ சொல்லல. எனக்கு மட்டும் கணக்கு தெரிஞ்சதாலயா நான் நின்னேன்? நீங்க சொன்னதாலதான் சார் நின்னேன். அவருக்கும் நிக்கறதுக்கு ஏதாவது குடுத்தாதானே நிப்பார்? நான் நல்லவ, அவர் கெட்டவர்னு நினைச்சுக்கினு ஊருக்குப் போயிடாதீங்க" என்றார். முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், முகாமுக்குப் போகும் முன் பள்ளிக்குப் போனேன். இத்தனை நாளும், எங்கள் எல்லோரையும் தாங்கிப் பிடித்தது அவருடைய நல்ல மனசு என்றே நினைத்திருந்தேன். நல்ல மனசு அவரோடு போய்விட்டது என்றும்தான் அழுதேன். ஆனால் எங்களிடம் அவர் விட்டுப்போனது அது இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வேலைமுறையை விட்டுப் போயிருக்கிறார். ஆசிரியன் தன் வேலைக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், தலைமையாசிரியர் அதைக் கேட்டுவிட்டு அதன் மேல் நிற்க வேண்டும். பாதி வேலை என்னுடையது. அதற்காக டீச்சருக்கு என் நன்றி. இருக்கும்போது சொன்னதைவிட இப்போது அதிகமாகச் சொல்கிறேன்.

புதிய தலைமையாசிரியரின் அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இளைஞர், களைத்துப் போயிருந்தார். "உக்காருங்க சார். எனக்கும் உங்களை அங்கிருந்து எடுக்க ஆசை இல்ல. ஆனா பத்தாவது ரிசல்ட் என்னாச்சுன்னு கேட்டா, மேல நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். முன்பென்றால் அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுதேன் சார்" என்றேன். "மொதல்ல இருந்து சொல்லுதேன்."